திரும்பாத பயணங்கள் – 9: இரணைதீவுக் கடலில் 14 ஆண்டுகள்

1998 செப்டெம்பர் 29. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்டது லயன் எயார் 602. கிளம்பிச் சிறிது நேரத்திலேயே, உள்ளே காற்றழுத்தம் குறைகிறது என்று விமானி அறிவித்தார். அதோடு தொடர்பு அறுந்தது. 48 பயணிகளும் 7 பணியாளர்களும் இருந்த அந்த அந்தனோவ்-24 விமானம் ராடார் திரையிலிருந்து மறைந்தது.

பயணிகள் தமிழர்கள். ஆசைப்பட்டு விமானம் ஏறியவர்கள் அல்லர். ஏ9 வீதி மூடிக் கிடந்தது. அதே வாரம் கிளிநொச்சியில் பெரும் சமர். குடாநாட்டிலிருந்து வெளியே வர இருந்தவை இரண்டே வழிகள்: திருகோணமலைக்குக் கப்பல், இல்லாவிட்டால் இந்த விமானம். எதற்கும் முதலில் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அந்தக் கடதாசி கைக்கு வந்த நாளை நல்ல நாள் என்றே வீட்டார் நினைத்திருப்பார்கள்.

விமானம் விழுந்த இடம் ஆழ்கடல் அல்ல. பூநகரிக் கரைக்கு அப்பால், இரணைதீவை அண்டிய கடல். பாக்கு நீரிணையின் அந்தப் பகுதியில் பல இடங்களில் 15 மீற்றர் ஆழம்கூட இல்லை. கடலட்டைக்குச் சுழியோடுகிறவர்கள் சாதாரணமாக இறங்கும் ஆழம்தான். ஆனால் அந்தக் கடலை உள்ளங்கை போல அறிந்த இரணைதீவு மீனவர்கள் 1992இலேயே இடம்பெயர்ந்துவிட்டார்கள். 2018இல்தான் அவர்களால் திரும்ப முடிந்தது. தேடத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் போர் அவர்களைத் தேட விட்டிருக்காது.

போர் முடிந்தபின் கைதான முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் சொன்ன தகவலை வைத்து, 2012 ஒக்டோபரில் கடற்படைச் சுழியோடிகள் சிதைவுகளைக் கண்டுபிடித்தார்கள். புலிகள் சுட்டு வீழ்த்தியதாக விசாரணையாளர்கள் கூறினார்கள். கடலடியிலிருந்து எடுத்த துணிமணிகள் 2014இல் யாழ்ப்பாணத்தில் உறவினர்கள் பார்ப்பதற்காக வைக்கப்பட்டன. ஒரு சட்டை, ஒரு சேலைத் துண்டு: அடையாளம் சொல்ல அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி செய்வதா, வருவார் என்று கோயிலில் நேர்த்தி வைப்பதா என்று தெரியாமல் 14 ஆண்டுகள் கழித்த குடும்பங்கள் அவை.

அதே 2014 மார்ச் 8ஆம் திகதி, கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் சென்ற எம்.எச்.370 விமானம் 239 பேரோடு மறைந்தது. இந்து சமுத்திரத்தின் தென்பகுதியில் 1,20,000 சதுர கிலோமீற்றர் கடலடியைச் சலித்துவிட்டு, 2017 ஜனவரியில் தேடலை நிறுத்தினார்கள். ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைத் துண்டு போலச் சில பாகங்கள் மட்டுமே கிடைத்தன. அங்கே பல கிலோமீற்றர் ஆழம் தடுத்தது. இரணைதீவில் தடுத்தது ஆழம் அல்ல, மனிதர்கள். அதனால்தான் இந்த 14 ஆண்டுகள் கூடுதலாக வலிக்கின்றன.

உடல் இல்லாத துக்கம் கடலோரத்துக்கு மட்டும் உரியதல்ல. பெரகல சந்தியிலிருந்து வெல்லவாய வீதியில் இறங்கினால் கொஸ்லந்தை. 2014 ஒக்டோபர் 29 காலை, அங்கே மீரியபெத்த தோட்டத்து லயங்களை மலை சரிந்து மூடியது. தேடுதலை நிறுத்தியபோது பலருடைய உடல்கள் மண்ணுக்குள்ளேயே இருந்தன. உடலைப் பார்க்காமலே கருமாதி செய்ய வேண்டிய நிலைக்கு ஆளானார்கள் வீட்டார்.

அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் லயங்கள் ஏன் அதே இடத்தில் இருந்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)