மாடியில் பத்து மிளகாய்ச் செடி

வற்றல் வியாபாரம் செய்யும் நம்மில் பலருக்கு மிளகாயை மூட்டையாகத்தான் தெரியும். கடை மாடியிலோ வீட்டுக் கொல்லையிலோ பத்துச் செடி வைத்துப் பாருங்கள். மண்டியில் சரக்குப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

விதைக்கு அலைய வேண்டாம். நம் கடையிலுள்ள நல்ல முண்டு வற்றலையோ சம்பா வற்றலையோ உடைத்தாலே போதும். (வீரிய ஒட்டு ரகமானால் தாய்ச்செடி போல் வராது.) ஆவணியில் விதைத்து, 40, 45 நாளில் நாற்றைப் பிடுங்கித் தொட்டிக்கு ஒன்றாக நட்டால் தை மாதவாக்கில் பழம் சிவக்கும். தொழு உரம் கலந்த மண்ணும் நல்ல வெயிலும் வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். ஆரம்பத்திலேயே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் இரண்டும் மட்டுப்படும்.

பாடம் தொடங்குவது பறித்த பிறகுதான். நாலு கிலோ பழம் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ வற்றல். விவசாயி ஏன் விலையில் பிடிவாதம் பிடிக்கிறார் என்பது அப்போது விளங்கும். தரையில் போடாமல் சுத்தமான பாயில் காயவையுங்கள். மாலையில் மூடுங்கள், பனி படக்கூடாது. நன்கு காய்ந்த வற்றலைக் குலுக்கினால் விதை கலகலக்கும். அரைக்காய்ச்சலாக அள்ளிக் கட்டினால் மூட்டையின் நடுவே புழுங்கும். மேலே பளபளக்கும் வற்றலை உடைத்தால் உள்ளே பூஞ்சணம் பூத்திருக்கும். முழு வற்றலில் ஈரப்பதம் 11 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி.

நொறுங்காமல் இருக்கவும் எடை நிற்கவும் மூட்டை பிடிக்குமுன் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் நம் தொழிலில் சில இடங்களில் உண்டு. மறைப்பானேன்? அந்த ஈரத்தில் வளரும் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். வறுத்தாலும் அரைத்தாலும் அது முழுதாகப் போகாது. ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வர இதுவும் ஒரு காரணம். தெளித்தவர் ஒருவர், பெயர் கெடுவது ஊர்ச் சரக்கு முழுவதற்கும்.

இன்னொன்று. காரம் விதையில் இருப்பதாக வாடிக்கையாளர் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். ஒரு பழத்தைக் கீறி, விதையைத் தாங்கும் வெள்ளை நரம்பை நாக்கில் வைத்துப் பாருங்கள். காரம் ஊறுவது அங்கேதான். விதை கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது என்பதற்காகக் காரமில்லாத சரக்கு என்று விலையைக் குறைப்பது நியாயமில்லை.

ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைச் சொல்லி வேறு குண்டு மிளகாயை விற்பது இனி சட்டப்படியும் வம்பு. முதல் பறிப்பில் காய்ந்த வற்றலில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடி ஜாடியில் போட்டுக் கல்லாப்பெட்டி அருகே வைத்திருங்கள். புதுச் சரக்கு வந்து இறங்கும்போது பக்கத்தில் வைத்து நிறம், தோல் கனம், காம்பு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.