உப்புக் காற்றிலும் பூத்துக் குலுங்கும்... ஆனால் எந்தச் செடி?

நர்சரியில் பார்த்தபோது அத்தனை ரோஜாவும் சிரித்தது. ஆசையாக நாலு தொட்டி வாங்கி வந்தீர்கள். மூணு வாரம்கூட ஆகவில்லை, இலையோரமெல்லாம் பழுப்பாகி, நெருப்பில் காட்டின காகிதம் மாதிரி சுருண்டு விட்டது. 'எனக்குக் கைராசியே இல்லை' என்று அலுத்துக் கொள்கிறீர்களா? கையின் மேல் பழி போடாதீர்கள். அதுவும் உங்கள் வீடு புதுச்சேரி குருசுக்குப்பம் போலக் கடலை ஒட்டின தெருவில் இருந்தால், குற்றவாளி வேறு ஆள்!

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் போய்ப் பாருங்கள். மணலைவிடக் கருங்கல் குவியல்தான் கண்ணில் படும். 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வடக்கே வந்து கொண்டிருந்த மணல் அங்கேயே தங்கி விட்டது. வடக்கே கரை அரித்தது, கல்லைக் கொட்டினார்கள். அலை அந்தக் கல்லில் மோதிச் சிதற, உப்புத் துளிகள் காற்றோடு கிளம்பி உங்கள் மாடித் தொட்டிவரை வந்துவிடும். இலைமேல் படிகிற உப்பு, இலையின் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். போர் தண்ணீரும் உப்பு கரித்தால் வேரும் திணறும். ரோஜா பாவம், என்ன செய்யும்? ரெண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டித் தோற்றவன் நான். அனுபவத்தில் சொல்கிறேன், கேளுங்கள்.

கடற்காற்றுக்கு ஈடு கொடுக்கிற செடிகள் பலவற்றுக்கும் ஒரு அடையாளம் உண்டு. இலை தடிப்பாக, மெழுகு தடவினாற்போல் இருக்கும். இந்தப் பரீட்சையில் முதல் மார்க் வாங்குவது எது தெரியுமோ? அரளி! உப்பு, வெயில், தண்ணீர்ப் பஞ்சம் எதற்கும் அசையாது. நெடுஞ்சாலை நடுவில் புகையைக் குடித்துக்கொண்டு சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கிறதே, அதேதான். நர்சரிக்காரரும் 'இதை வைங்க, சாகவே சாகாது' என்பார். உண்மை. ஆனால், வீட்டில் தவழுகிற குழந்தையோ, கண்டதை வாயில் வைக்கிற வயசில் பேரப் பிள்ளையோ இருந்தால் வாங்காதீர்கள்.

அரளியின் இலை, பூ, பட்டை, வேர் எல்லாவற்றிலும் இதயத்தின் துடிப்பையே தடுமாற வைக்கும் நஞ்சு இருக்கிறது. மஞ்சள் அரளியின் கொட்டை இன்னும் மோசம். கேரளத்தில் 2024-ல் ஒரு இளம் நர்ஸ், போனில் பேசிக்கொண்டே கைக்கு எட்டின செடியைக் கிள்ளி மென்றார். பிறகு இறந்து போனார். அரளிதான் காரணமோ என்ற சந்தேகம் எழுந்து, அந்த மே மாதமே திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்ப்பதை நிறுத்தியது. பூஜைக்குப் பறிக்கிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெட்டின கிளையைக் குப்பையோடு கொளுத்த வேண்டாம், புகையும் ஆகாது.

குழந்தை மென்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தக் காலத்து வைத்தியம் அது, அதுவே ஆபத்து. வாயிலிருப்பதைத் துடைத்தெடுத்து, அந்தச் செடியில் ஒரு கொத்தைக் கையோடு எடுத்துக் கொண்டு 108-ஐ அழையுங்கள், அல்லது ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 'நல்லாத்தானே விளையாடுது' என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வாந்தி, வயிற்றுவலி, நாடி தளர்வது எல்லாம் தாமதமாகவும் வரலாம். இ.சி.ஜி. எடுத்துக் கண்காணித்தால்தான் தெரியும். நர்சரியில் தொந்தியும் தொப்பையுமாக அழகு காட்டும் அடினியமும் அரளியின் சொந்தக்காரர்தான்!

அப்படியானால் எதைத்தான் வைப்பது? என் ஓட்டு காகிதப் பூவுக்கு. போகன்வில்லா என்ற பேர் போகன்வில் என்கிற பிரெஞ்சுக் கடலோடியின் பேரிலிருந்து வந்தது. 1767-ல் அவர் பயணம் பிரேசிலைத் தொட்டபோது, கூடப் போன தாவர அறிஞர் கொம்மெர்சோனின் குழு அங்கே சேகரித்த செடி. அவருடைய உதவியாளர் ழான் பாரே, ஆண் வேஷத்தில் கப்பலேறிய பெண்மணி! பிரெஞ்சு வாசம் வீசும் புதுச்சேரிச் சுவரில் படர இதைவிடப் பொருத்தம் உண்டா? நாம் பூ என்று நினைக்கிற வண்ணம் வெறும் இலைதான். நடுவில் இருக்கும் துளி வெள்ளைதான் பூ. நல்ல வெயிலில் வையுங்கள். தினமும் தண்ணீர் ஊற்றிக் கெடுக்காதீர்கள், தளதளவென்று இலைதான் விடும். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் நுனியை வெட்டி விடுங்கள். முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்தது நித்யகல்யாணி. மணலோ, சுவர் இடுக்கோ, எங்கே விழுந்தாலும் முளைத்து வருஷம் முழுக்கப் பூக்கும். ஆனால், 'சுகருக்கு நல்லது' என்று காலையில் நாலு பூ, நாலு இலை மெல்லுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஒரு வார்த்தை. 1950-களில் கனடாவில் நோபிள், பீர் என்ற ஆராய்ச்சியாளர்களும் சர்க்கரைக்கு மருந்து தேடித்தான் இந்த இலையை எடுத்தார்கள். எலிகளுக்குக் கொடுத்தபோது சர்க்கரை இறங்கவில்லை, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் இறங்கின! அந்த வழியில் கிடைத்த மருந்துதான் புற்றுநோய்க்கு ஊசியில் ஏற்றப்படுகிறது. டாக்டர் அளந்து கொடுக்க வேண்டிய சரக்கை நாம் வாயில் போட்டு மெல்லலாமா? பார்த்து ரசிக்க மட்டும்!

தரையோரம் நிரப்ப டேபிள் ரோஸ் போதும், ஒரு கிள்ளு வைத்தால் பரவிவிடும். செம்பருத்தி வருமா என்று கேட்பீர்கள். வரும், கடலைப் பார்த்த பக்கம் வேண்டாம், மதிலின் மறைவில் வையுங்கள். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயோடு கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளியுங்கள். இட்லிப் பூவில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், கிளிஞ்சல் கலந்த கடல் மணலில் இரும்புச் சத்து அதற்கு எட்டவில்லை என்று அர்த்தம். செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து தொட்டியை மாற்றுங்கள். தென்னை நார்க் கழிவு வாங்கினால் நல்ல தண்ணீரில் ரெண்டு மூணு தடவை அலசிவிட்டுப் போடுங்கள், அதிலேயும் உப்பு உண்டு.

நடுவதற்குத் தை மாதம் தோது. அடைமழை, மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவிக் கொண்டு போயிருக்கும், புயல் பயமும் விலகியிருக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புரட்டிப் போட்டதை மறக்க முடியுமா! புயல் ஓய்ந்ததும் முதல் வேலையாக நல்ல தண்ணீரால் இலைகளை அலசிவிடுங்கள்.

அப்புறம், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு! அதில் நிற்கிற தண்ணீரில்தான் டெங்கு கொசு குடித்தனம் நடத்துகிறது. கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒருநாள் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேயுங்கள். மாடியில் இருக்கிற தொட்டிகளுக்குத் தட்டே வேண்டாம். ரெண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து விடுங்கள்.