தக்காளி இலையைச் சுருட்டும் வைரஸ்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையை விட்டு பேத்தமங்கலம் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் தக்காளித் தோட்டங்கள். குச்சி நட்டு, கயிறு இழுத்துக் கட்டி, இடுப்புக்கு மேல் ஏற்றிவிட்ட செடிகள். இவற்றுக்கு நடுவே நோய் கண்ட செடியை அடையாளம் காட்ட நிபுணர் வர வேண்டியதில்லை. கொழுந்து இலைகள் சிறுத்து, ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிச் சுருண்டிருக்கும். நரம்புகளுக்கு இடையே மஞ்சள் படர்ந்திருக்கும். கணுக்கள் நெருங்கி, செடி வளராமல் குட்டையாய்ப் புதர் கட்டி நிற்கும். பூ வந்தாலும் உதிர்ந்துவிடும். நட்ட சில வாரங்களிலேயே நோய் பிடித்த செடியில் பறிக்க ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. காய் பிடித்த பிறகு வந்தால் நட்டம் அவ்வளவு பெரிதாக இருக்காது.

இதுதான் இலைச்சுருள் நோய். கோலார் சந்தை ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. 2023 ஜூலையில் அங்கே 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியபோது, வரத்து குறைந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த நோயும் இருந்தது. சென்னையிலும் வேலூரிலும் சாம்பார் வைப்பவர்களுக்கும் இந்த வைரஸோடு கணக்கு உண்டு.

நோய் புதியதல்ல. வட இந்தியாவில் இது 1939இலேயே பதிவாகிவிட்டது. 1948இல் வாசுதேவா, சாம் ராஜ் என்ற இரு ஆய்வாளர்கள் தக்காளியில் இதை விரிவாக விவரித்தார்கள். ஆனால் நோய்க்குக் காரணமான உயிரி எப்படிப்பட்டது என்று தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. பயிர்களைத் தாக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை ஆர்.என்.ஏ.வைத்தான் மரபுப் பொருளாகக் கொண்டவை. இதுவோ டி.என்.ஏ. வைரஸ். அதிலும் ஒற்றை இழை, அதுவும் முனைகள் இணைந்த வட்டம். இத்தகைய டி.என்.ஏ. செடி வைரஸ்களிலும் உண்டு என்பது 1970களின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் இதன் துகள்கள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். இரண்டு பாதிகளும் சேர்ந்தே சுமார் 38 நானோமீட்டர் நீளம்தான். இரட்டையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து இந்தக் குடும்பத்துக்கு ஜெமினிவிரிடே என்று பெயரிட்டார்கள். அதற்குள் பல பேரினங்கள் இருக்கின்றன. வெள்ளை ஈ பரப்புகிற, இருவித்திலைச் செடிகளைத் தாக்குகிற பேரினம் பெகோமோவைரஸ். நானூற்றுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இதைவிடப் பெரிய பேரினம் செடி வைரஸ்களில் இல்லை. மரவள்ளித் தேமல், வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல், உளுந்து, பாசிப்பயற்றின் மஞ்சள் தேமல் எல்லாமே இந்தப் பேரினத்தின் வேலை.

தக்காளியில் இந்த வைரஸ் நடத்துவதைப் பார்த்தால் வியப்பு வரும். ஒரே டி.என்.ஏ. வட்டம் உள்ள வகையில் முழு மரபுப் பொருளும் ஏறக்குறைய 2,750 எழுத்துகள். அதில் ஆறு மரபணுக்கள்தான் அறியப்பட்ட முக்கியமானவை. இவ்வளவு குறைந்த சரக்கில் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிக்கு இடம் கிடையாது. அதைச் செடியிடமிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வளர்ந்து முடிந்த செல்லில் அந்த வேலை நின்றுபோயிருக்கும். அதனால் வைரஸின் புரதம் ஒன்று, செல் பிரிவதைத் தடுத்து வைத்திருக்கும் செடியின் காவல் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. செல் மறுபடி டி.என்.ஏ. தயாரிக்கத் தொடங்குகிறது. அதே வைரஸ் புரதம் வட்டத்தின் குறிப்பிட்ட ஒரு புள்ளியில் ஒரு வெட்டுப் போட, நூற்கண்டிலிருந்து நூல் பிரிவதுபோல் புதுப்புது இழைகள் உருண்டு வெளிவருகின்றன. செடியும் சும்மா இருப்பதில்லை. அந்நிய மரபணுக்களை அடக்கிவைக்கும் ஏற்பாடு அதனிடம் உண்டு. அதையும் முடக்குவதற்கு வைரஸிடம் தனிப் புரதங்கள் இருக்கின்றன.

பரவலுக்குப் பொறுப்பு வெள்ளை ஈக்கு. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பூச்சி. இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் வெள்ளையாய் ஒட்டியிருக்கும், செடியை அசைத்தால் கூட்டமாய் எழும்பி மறுபடி அங்கேயே உட்காரும். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் வி. முனியப்பாவும் அவருடைய குழுவினரும் இந்த உறவை நுணுக்கமாக அளந்தார்கள். நோய்ச் செடியில் பத்து நிமிடம் சாறு உறிஞ்சினாலே வைரஸ் பூச்சிக்குள் போய்விடும். குடலைக் கடந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அதன்பின் நல்ல செடியில் இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும். நாள்கணக்கில் அந்தப் பூச்சி நோயைச் சுமந்து திரியும். மருந்தடித்தே நோயை ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதுவே விடை. மருந்து பூச்சியைக் கொல்வதற்குள் அது வந்த வேலையை முடித்துவிடுகிறது. பக்கத்து வயலிலிருந்து அடுத்த கூட்டமும் வந்துவிடும்.

இந்தக் கதையில் கோலாருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. 1999இல் இந்த மாவட்டத்துத் தக்காளி வயல்களில் வெள்ளை ஈக்கள் வழக்கத்துக்கு மீறிப் பெருகின, இலைச்சுருளும் கூடவே பரவியது. ஆராய்ந்தபோது அவை உள்ளூர்ப் பூச்சிகள் அல்ல, உலகெங்கும் பயிர்களை அழித்துக்கொண்டிருந்த பி வகை என்று தெரிந்தது. இந்தியாவில் அந்த வகை முதன்முதலாகப் பதிவானது இங்கேதான். பூசணி வகைச் செடியில் அது சாறு குடித்தால் இலை வெள்ளி நிறம் பூசியதுபோல் வெளுக்கும். அடையாளம் காண அது பெரிதும் உதவியது.

இனி வகைப்பாட்டுக்கு வருவோம். பெயர் வைப்பது அருங்காட்சியக வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த நோயைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தை நான் ஏற்க மாட்டேன். சுருண்ட இலையைப் பார்த்து எந்த வைரஸ் என்று யாராலும் சொல்ல முடியாது. மரபுப் பொருளை எழுத்தெழுத்தாய்ப் படித்து ஒப்பிட வேண்டும். தெரிந்த எந்தப் பெகோமோவைரஸோடும் 91 விழுக்காடு பொருந்தவில்லையென்றால் அது தனி இனம். இப்படிப் பிரித்தபோது, இந்தியத் தக்காளியில் ஒரே நோய் என்று எண்ணியிருந்தது பல வைரஸ்களின் வேலை என்று தெரிந்தது. கர்நாடகத்தில் நெடுங்காலமாகக் காணப்படுவது தக்காளி இலைச்சுருள் பெங்களூர் வைரஸ், இதற்கு ஒரே டி.என்.ஏ. வட்டம். புதுடெல்லி வைரஸுக்கு இரண்டு வட்டங்கள். ஒன்றில் பெருகும் ஏற்பாடு, மற்றதில் செல்லுக்குச் செல் நகரும் ஏற்பாடு. அந்த இரண்டாவது இனம் 2012இல் ஸ்பெயின் வரை போய் அங்கே சுரைக்காய் வகைப் பயிர்களைத் தாக்கியது.

விதை வாங்கும்போது இந்த வேறுபாடு பணமாகிறது. எதிர்ப்புத் திறன் தக்காளியின் காட்டு உறவுகளிடமிருந்து வந்தது. தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து டி.ஒய்-2 என்ற மரபணுவும், வேறொன்றிலிருந்து டி.ஒய்-1, டி.ஒய்-3 ஆகியவையும் கிடைத்தன. டி.ஒய்-2 மட்டும் உள்ள செடி ஒற்றை வட்டப் பெங்களூர் வைரஸைத் தாங்குகிறது. இரட்டை வட்டப் புதுடெல்லி வைரஸ் வந்தால் தாங்குவதில்லை. டி.ஒய்-3யையும் சேர்த்தால் இரண்டுக்கும் எதிர்ப்பு கிடைக்கிறது. எந்த இனம் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் விதை தேர்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் நந்தி, சங்கராந்தி, வைபவ் என்ற எதிர்ப்பு ரகங்களை வெளியிட்டது. அவை கலப்பினங்கள் அல்லாததால் விவசாயி தானே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்‌ஷக், இலைச்சுருளோடு வாடல் நோயையும் இலைக்கருகலையும் தாங்கும் கலப்பினம். எந்த ரகமானாலும் நாற்றங்கால்தான் முதல் காவல். நெருக்கமான நைலான் வலைக்குள், ஈ நுழைய இடமில்லாமல் வளர்ந்த நாற்று வயலுக்கு வரும்போது நோயில்லாமல் வரும். வரப்போரத்துக் களைகளிலும், பறிப்பு முடிந்து பிடுங்காமல் விட்ட பழைய செடிகளிலும் வைரஸ் அடுத்த பருவம்வரை தங்கிவிடும். பக்கத்து வயலில் பழைய பயிர் நிற்கும்போதே இங்கே புது நாற்று நட்டால் ஈக்களுக்கு அது ஒரு தாவல் தூரம். ஆண்டு முழுக்க தக்காளி விளைகிற கோலாரில் ஓர் ஊர் முழுதும் சேர்ந்து பழைய செடிகளை ஒரே சமயத்தில் அகற்றுவது கடினம் என்பது தெரியும். ஆனாலும் வலைக்கும் நல்ல விதைக்கும் அடுத்தபடியாக அதைத்தான் செய்ய வேண்டும்.