கல்லும் கலைஞனும் தாய்மையும்: ஆனந்த குமாரசுவாமியை எங்கள் ஊரிலிருந்து படித்தபோது

மலருக்கு ஆனந்த குமாரசுவாமியைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றதும், "நடராசர் தத்துவத்தை எழுதினவர்தானே, எல்லாருக்கும் தெரியுமே" என்றார் சங்கத்து நண்பர் ஒருவர். நம்மில் பலருக்கு அந்த ஒன்றுதான் தெரியும். அவர் கல்லைப் பற்றி எழுதத் தொடங்கியவர், கைவினைஞர்களைப் பற்றி எழுதியவர், தாய்த் தெய்வங்களைத் தேடிப் போனவர். இந்த மூன்றையும் அதியன்னூர்க்காரன் ஒருவன் எப்படிப் படித்தான் என்பதே இக்கட்டுரை. அதியன்னூர் நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வரை தமிழ்நாட்டுக்குப் போனபோது நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். பள்ளிக்கூடத்தில் மலையாளம், அடுக்களையில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22-இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்துக்குமாரசுவாமி, அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்த ஈழத்தமிழர். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலப் பெண்மணி. 1879-இல் தந்தை காலமானபோது பிள்ளைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. இங்கிலாந்தில் அந்தத் தாய்தான் தனியாக வளர்த்து ஆளாக்கினார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

லண்டனில் புவியியல் படித்துவிட்டு 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம அளவைத் துறைக்குத் தலைவராக இருந்தார். செரண்டிபைட் என்ற அரிய கனிமத்தை முதலில் விவரித்த இருவரில் அவரும் ஒருவர். 1904-இல் தோரியனைட் உலகுக்குத் தெரிய வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. தோரியம் என்றதும் எங்க பக்கத்து ஆட்களுக்குக் காது நிமிரும். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தாரே, அது இந்தத் தோரியத்துக்காகத்தான். அன்றைக்கு அது காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. இலங்கையின் நடுமலைப் பாறையும் நெய்யாற்றின்கரைப் பாறையும் கோண்டுவானா காலத்தில் ஒட்டிக் கிடந்த ஒரே குடும்பம். அதில் ஒரு வகைக்கு சார்னகைட் என்று பெயர். பல்லாவரத்துக் கல், கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் சமாதிக்குப் போய், அவர் பெயரையே வாங்கிக்கொண்டு திரும்பியது! ஆக, குமாரசுவாமி இலங்கையில் சுத்தியல் வைத்துத் தட்டிப் பார்த்தது ஒருவகையில் எங்கள் ஊர்க் கல்லைத்தான்.

கல் தேடிக் கிராமம் கிராமமாக அலைந்தபோதுதான் கைத்தொழில்கள் அழிவதைக் கண்டார். அதன் பலன் 1908-இல் வந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை'. வில்லியம் மாரிஸின் பழைய அச்சுப்பொறியில் 425 பிரதிகள் மட்டும் அடித்த நூல். மறு ஆண்டு 'இந்தியக் கைவினைஞன்' வந்தது. தச்சன், தட்டான், நெசவாளி எல்லாரும் கலைஞர்தான், தனிக் கொம்பு முளைத்தவன் கலைஞன் அல்ல என்பது அவர் கட்சி. எங்களுக்குப் பக்கத்து ஊரான பாலராமபுரத்தில் சாலியர் தெருவைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பாலராம வர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய நெசவாளர்கள் அவர்கள். கசவு வேட்டியை 'கேரளப் பாரம்பரியம்' என்று உடுத்துகிறோம், நெய்த வீட்டில் பேச்சு தமிழ்!

எனக்கு மிகவும் பிடித்தது, வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1928-இலும் 1931-இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட 'யட்சர்கள்'. அப்போது அவர் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்தார். யட்சியைப் பேய் என்று ஒதுக்காதே, அவள் மரத்துக்கும் தண்ணீருக்கும் விளைச்சலுக்கும் உரிய பழைய தெய்வம், பார்ஹுத்திலும் சாஞ்சியிலும் மரக்கிளையைப் பற்றி நிற்பவள் அவளே என்று அடுக்கடுக்காகக் காட்டுகிறார். கலியாண வீட்டு வாசலில் வைக்கிற நிறைகுடம்கூட அந்தத் தண்ணீர் வழிபாட்டின் மிச்சம்தான் என்று படித்தபோது, அட, இவ்வளவு நாள் சும்மா தாண்டிப் போயிருக்கிறோமே என்று இருந்தது.

எங்கள் எல்லைக்கு இந்த நூல் அப்படியே பொருந்துகிறது. மலையாளத்தில் நான் கேட்டு வளர்ந்த யட்சி, பாலை மரத்தடியில் வெள்ளைச் சேலையோடு நின்று சுண்ணாம்பு கேட்டு, வருகிறவன் இரத்தத்தைக் குடிப்பவள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. பாறசாலை, களியக்காவிளை தாண்டிக் குமரி மாவட்டத்துக்குள் போனால் அவளே இசக்கி. இயக்கி என்ற சொல்தான் இசக்கி ஆனது. அவள் கையில் பிள்ளை இருக்கும். சில மண் உருவங்களில் பிள்ளை வாயிலும் இருக்கும், பார்க்கவே பயம்தான். ஆனாலும் பிள்ளை வரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்டுவது அவளிடத்தில்தான். "அவ கொல்லுவா, ஆனா பெத்தவளைக் கைவிட மாட்டா" என்பாள் என் அம்மை.

இன்னும் கொஞ்சம் போய், மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கம் சிதறால் மலையில் ஏறினால், சமணர் பாறையில் செதுக்கிய அம்பிகை சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்கிறாள். அவளும் இயக்கிதான். துறவிக்குச் சோறிட்ட குற்றத்துக்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, இரண்டு பிள்ளைகளோடு நடந்த தாய் என்கிறது சமணக் கதை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குறத்தியார் என்று சொல்லப்படும் சமணப் பெண்துறவி ஒருவர் அந்த மலைத் தெய்வத்துக்குப் பொன் நகை கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. பிற்காலத்தில் அக்கோயில் பகவதி கோயிலாயிற்று. மதம் மாறியது, மொழி மாறியது, தாய் அங்கேயே நின்றாள்.

இவ்வளவு சொன்ன பெரியவரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. 1918-இல் வந்த 'சிவ தாண்டவம்' தொகுப்பில் நடராசர் கட்டுரையோடு இந்தியப் பெண்களின் நிலை பற்றியும் ஒரு கட்டுரை இருக்கிறது. நம்மவர்கள் மேடையில் எடுத்துச் சொல்லாத கட்டுரை. 1913-இல் சதியை ஆதரித்து எழுதியதன் தொடர்ச்சி அது. தாய்மையையும் கற்பையும் இலட்சியமாக்கி, பெண் தன்னைக் கரைத்துக்கொள்வதையே பெருமையாக்குகிறார். கணவன் போனபின் உயிரோடு இருந்து பிள்ளையை வளர்த்த எலிசபெத் அம்மையாரின் மகன் எழுதினாரே என்பதுதான் என் வருத்தம்.

கலைஞன் என்று அவர் எழுதும் இடத்தில் பெரும்பாலும் ஆண்தான் நிற்கிறான். பாலராமபுரத்தில் தறியில் உட்காருகிறவன் பெயர் வெளியே தெரியும். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தார் சுற்றிக் கொடுத்தவளை யார் கேட்டார்கள்? அவர் வீட்டிலும் ஒருத்தி இருந்தார். 1908 நூலின் ஒளிப்படங்களை எடுத்தவர் முதல் மனைவி எத்தல். மணமுறிவுக்குப் பின் அவர் எத்தல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தில் தறி போட்டார், 1916-இல் தாவரச் சாயங்கள் பற்றி நூல் எழுதினார், அந்த நாட்டுக் கைநெசவு மறுமலர்ச்சிக்கு முன்னோடி என்று பெயர் எடுத்தார். குமாரசுவாமி 1947 செப்டம்பர் 9-இல் அமெரிக்காவில் மறைந்தார். எத்தல் 1952-இல் மறைந்தார், அதுவரை டிட்ச்லிங் ஊரில் அவருடைய பட்டறையில் பெண்கள் வந்து நெசவு கற்றுக்கொண்டிருந்தார்கள்.