பேரீத: நம் மலையின் மூத்த குடி

புத்தூர் என்றதும் வெளியூர்த் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர் கட்டுதான். பச்சிலை வைத்தியத்துக்குப் பேர் போன ஊர்ல வாழும் நமக்கு மலைச்செடிகள் மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் ஒரு செடியை மட்டும் மருந்துக்காகத் தேடாமல் இருப்பதுதான் அதற்கு நாம் காட்டும் மரியாதை. பாடம் நடத்திய பழக்கத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெலுங்கில் அதன் பெயர் 'பேரீத'. தாவரவியலில் சைகஸ் பெட்டோமி. சென்னை மாகாணக் காடுகளைக் கவனித்த பெட்டோம் (1830–1911) என்ற அதிகாரியின் நினைவாக, டையர் என்பவர் 1883-ல் வைத்த பெயர். திருப்பதி, கடப்பை மலைச் சரிவுகள் தவிர உலகத்தில் வேறெங்கும் இது தானாக வளர்வதில்லை.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

சின்ன ஈச்சஞ்செடி மாதிரி இருக்கும். தண்டு பெரும்பாலும் இடுப்பு உயரத்தைத் தாண்டாது. இலை சுமார் 3 அடி. ஆனால் ஈச்சைக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது பூக்காத செடி. விதை மட்டும் உண்டு. இதன் வம்சம் டைனோசர்களுக்கும் முந்தியது!

புல் மண்டிய சரிவில் கோடையில் தீ பிடித்தாலும் வளர்ந்த செடி சாகாது. உதிர்ந்த இலைகளின் அடிப்பகுதிகள் கவசம் போலத் தண்டைக் காக்கின்றன. தீ அணைந்ததும் உச்சியில் புது இலைகள் வட்டமாகக் கிளம்பும். ஆனால் தண்டு பருக்காத இளஞ்செடிக்கு அந்தக் கவசம் ஏது?

எங்கே ஆபத்து?

பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் செடியின் உச்சியில் ஓரடி நீளக் கூம்பு வரும். அதை அறுத்து ஆண்மை மருந்து என்று விற்கிறார்கள். நம்ம பக்கத்து நாட்டுமருந்துக் கடைகளில் 'மதனகாமப்பூ' என்று கிடைப்பது, இதன் மேற்குத் தொடர்ச்சி மலை உறவான சாலாம்பனையின் கூம்பு.

"கூம்பைத்தானே எடுக்கிறோம், செடி அப்படியே இருக்கே?" என்று கேட்கலாம். செடி இருக்கும்; மகரந்தம் போய்விடும். மகரந்தம் இல்லாவிட்டால் பக்கத்துப் பெண் செடியின் விதை முளைக்காது. தீ இளஞ்செடியைக் கொல்கிறது, அரிவாள் விதையையே வரவிடாமல் தடுக்கிறது. கிழடுகள் மட்டும் மிஞ்சிய வீடு எத்தனை நாள் நிற்கும்?

போதாததற்கு, சைகஸ் இனத்தில் ஈரலைக் கெடுக்கும் சைகாசின் என்ற நஞ்சு உண்டு.

1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தை 1991-ல் திருத்தியபோது, பாதுகாப்புக்கென ஆறே ஆறு செடி வகைகளைத்தான் பட்டியலிட்டார்கள். அதில் ஒன்று நம்ம பேரீத. காட்டில் அதைப் பறிப்பது குற்றம். உலக வாணிப ஒப்பந்தமான சைட்டிஸிலும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. செம்மரக் கடத்தல் பற்றி எல்லாருக்கும் தெரியும். இந்தக் குட்டைச் செடி பற்றிப் பேசுவாரில்லை.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டு வாசலுக்கு சைகஸ் வேண்டுமா? நர்சரியில் கிடைக்கும் ஜப்பான் வகையை வாங்குங்கள். மலையிலிருந்து பெயர்த்து வந்ததைத் தொடாதீர்கள். யாராவது கூம்பை மருந்து என்று நீட்டினால், வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்குபவர் இல்லாவிட்டால் அறுப்பவரும் இருக்க மாட்டார். நாம் பிழைக்க வந்த மண்ணின் மூத்த குடி அது. அதை வாழ விடுவோம்.