வெட்டு ஒன்று, துண்டு இரண்டு: பிரிட்டனால் முடியாமல் போனது ஏன்?

மோசமான ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தமே இல்லாதது மேல் என்று 2017 ஜனவரியில் சொன்னார் பிரிட்டன் பிரதமர் தெரசா மே. பேரம் பேசப் போகிறவர் சொல்லக்கூடிய பேச்சுதான். அவர் மிரட்டலாகச் சொன்னதை, போய்ச் சேர வேண்டிய ஊராகவே எடுத்துக்கொண்டது அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சியில் ஒரு பிரிவு. அடுத்த மூன்று ஆண்டுக் குழப்பத்துக்கு வேர் இதுதான் என்பேன்.

2016 ஜூன் 23 பொது வாக்கெடுப்பில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா? 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். எப்படி வெளியேறுவது என்று யாரும் கேட்கவில்லை. 2017 மார்ச் 29 அன்று ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆம் பிரிவின்படி மே நோட்டீஸ் கொடுத்ததும் இரண்டு ஆண்டுக் கெடு ஓடத் தொடங்கியது. அதற்குள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வராவிட்டால், கெடு நீட்டிக்கப்படாவிட்டால், பிரிட்டன் தானாகவே வெளியே. ஒப்பந்தமில்லா வெளியேற்றத்துக்கு யாரும் ஓட்டுப் போட வேண்டியதில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும்.

இந்த வழியை ஆதரித்தவர்களிடம் வாதம் இல்லாமல் இல்லை. எழுந்து போகத் துணியாதவனால் பேரம் பேச முடியாது. ஒன்றியத்துக்குக் கட்ட வேண்டிய சுமார் 3,900 கோடி பவுண்டில் பெரும்பகுதி மிச்சமாகும். உலக வர்த்தக அமைப்பின் விதிகளின்படி வியாபாரம் செய்துகொள்ளலாம் என்றார்கள். விலை ஏறும் என்ற அச்சத்துக்கும் பதில் வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் மதிப்பில் 87 சதவீத இறக்குமதிக்குத் தற்காலிகமாக வரியே இருக்காது என்று 2019 மார்ச்சில் அரசு அறிவித்தது.

ஆனால் அது பிரிட்டனுக்குள் வரும் சரக்குக்கு. வெளியே போகும் சரக்குக்கு வரி போடுவது எதிர்த் தரப்பு. காருக்கு 10 சதவீதம், ஆட்டிறைச்சிக்கு 40 சதவீதத்துக்கும் மேல். வேல்ஸ் மலைகளில் ஆடு வளர்ப்பவர்களுக்கு ஐரோப்பாதான் முக்கியமான வெளிநாட்டுச் சந்தை என்பதால் வயிற்றில் புளி கரைந்தது அவர்களுக்குத்தான்.

வரியைவிடப் பெரிய தலைவலி காகிதமும் சோதனையும். டோவர் துறைமுகத்தில் ஒரு நாளைக்கு 10,000 லாரிகள்வரை போய்வரும். ஒன்றியத்துக்குள் இருந்தவரை சுங்கச் சோதனை கிடையாது. லாரிக்கு இரண்டு நிமிடம் கூடினாலும் நெடுஞ்சாலை நிரம்பிவிடும். இதற்கு ஒத்திகை பார்க்க 2019 ஜனவரியில், ஏற்கெனவே மூடிக்கிடந்த மான்ஸ்டன் விமான நிலையத்துக்கு லாரிகளை வரவழைத்தது அரசு. வந்தவை 89. கூடுதல் படகுப் போக்குவரத்துக்காக 1.38 கோடி பவுண்டுக்கு ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதனிடம் ஒரு கப்பல்கூட இல்லை. அதன் இணையதளத்திலிருந்த நிபந்தனைகள் ஏதோ சாப்பாட்டுக் கடையுடையவை போல, வந்த உணவைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள் என்றன. பிப்ரவரியில் அந்த ஒப்பந்தம் ரத்தானது. மருந்துக் கம்பெனிகளை ஆறு வாரக் கையிருப்பு வைக்கச் சொன்னதும் இந்தக் காலத்தில்தான். இன்சுலினில் பெரும்பகுதி இறக்குமதி. தினமும் அதை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களில் அன்றைய பிரதமர் மேயும் ஒருவர்.

இதையெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். அயர்லாந்தை என்ன செய்வது? வடக்கு அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. அதைக் கடக்கும் சாலைகள் 200க்கும் மேல். 1998இன் பெரிய வெள்ளி அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு ராணுவச் சாவடிகள் அகன்று, எல்லை இருக்கும் சுவடே தெரியாமல் போய்விட்டது. ஒப்பந்தமில்லாமல் பிரிந்தால் அது ஒன்றியத்தின் வெளி எல்லை. சுங்கச் சாவடியை எங்கே வைப்பது? தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். எந்தத் தொழில்நுட்பம் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

நாடாளுமன்றமோ எல்லாவற்றையும் மறுத்தது. 2019 ஜனவரி 15 அன்று மே ஒன்றியத்தோடு பேசிக் கொண்டுவந்த ஒப்பந்தம் 202க்கு எதிராக 432 ஓட்டில் தோற்றது. மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகளை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஒப்பந்தமில்லா வெளியேற்றத்துக்குக் கிடைத்தது 160, எதிராக 400. அப்படியும் கடிகாரம் நிற்காது. வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் மட்டும் போதாது, வேறு எது வேண்டும் என்று சொல்லியாக வேண்டும்.

அடுத்துப் பிரதமராக வந்த போரிஸ் ஜான்சன், நீட்டிக்கப்பட்ட கெடுவான அக்டோபர் 31க்குப் பிறகு ஒரு நாளும் தாமதிக்க மாட்டேன் என்றார். செப்டம்பரில் சொந்தக் கட்சி எம்.பி.க்கள் 21 பேரே அவருக்கு எதிராக ஓட்டுப் போட, கெடுவை நீட்டிக்கக் கேட்டாக வேண்டும் என்று சட்டம் வந்தது. ஜான்சன் கேட்டார், கடிதத்தில் கையெழுத்துப் போடாமல்.

ஒருவேளை வெட்டிக்கொண்டே போயிருந்தாலும், மறுநாள் பிரஸ்ஸல்ஸோடு பேசித்தான் ஆக வேண்டியிருந்திருக்கும். பாக்கிப் பணம், ஒன்றியக் குடிமக்களின் உரிமை, அயர்லாந்து எல்லை ஆகிய மூன்றும் முடியாமல் வர்த்தகப் பேச்சு இல்லை என்று ஒன்றியம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஜான்சனும் கடைசியில் ஒப்பந்தத்தோடுதான் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறினார். அயர்லாந்துச் சிக்கலுக்கு அவர் கண்ட வழி, சோதனையைக் கடலுக்கு நகர்த்துவது: பிரிட்டனின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும் சரக்குக்கே சோதனை. அதை எதிர்த்து 2022 பிப்ரவரியில் பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி, வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் அரசிலிருந்து விலகியது. அங்கே மறுபடியும் ஓர் அரசு அமைய இரண்டு ஆண்டுகள் ஆயின.