கம்ப்யூட்டரில் வீட்டு பிளான்: மூலைவிட்டத்தை மறக்காதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் அதில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடிதம், போட்டோ, சினிமா, இன்டர்நெட் என்று பட்டியல் வரும். வீடு கட்டும் யோசனையில் இருப்பவர்கள் மட்டும் நம்மிடமே ஒரு கேள்வி கேட்பார்கள். "வீட்டு பிளானை இதில் நாமே வரைய முடியுமா?"

முடியும். பைசா செலவில்லாமலும் முடியும். ஆனால் எந்த சாப்ட்வேர் என்று தேடுவதற்கு முன் டேப் எடுத்துக்கொண்டு மனைக்குப் போய்விட்டு வாருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படம் வரைய விண்டோஸிலேயே பெயின்ட் இருக்கிறதே, அது போதாதா என்று நினைக்கலாம். பெயின்ட்டில் நீங்கள் போடும் கோடு வெறும் புள்ளிகளின் வரிசை. அதற்கு நீளம் என்று ஒன்று கிடையாது. கேட் எனப்படும் கம்ப்யூட்டர் எய்டட் டிசைன் புரோகிராம்களில் கோடு என்பது இரண்டு முனைகள், அவ்வளவுதான். அந்த முனைகள் எங்கே இருக்கின்றன என்பதை எண்களாக வைத்துக்கொண்டு, எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் சரியான அளவைச் சொல்லும்.

இந்த எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர், ஒளிப்பேனாவால் திரையில் வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற புரோகிராமைத் தன் ஆய்வுக்காக எழுதி 1963ல் சமர்ப்பித்தார். எங்கள் ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி கல்லூரி தொடங்கியதும் அதே 1963தான். வீட்டு மேஜைக்குக் கேட் வந்து சேர மேலும் 20 ஆண்டுகள் ஆயின. 1982ல் வெளியான ஆட்டோகேட்தான் பர்சனல் கம்ப்யூட்டரில் இந்த வேலையைப் பரவலாக்கியது. பின்னாளில் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகளில் டாலிக்கு அடுத்த வரியில் இந்தப் பெயர் இருக்கும். பாலிடெக்னிக் முடித்த பையன்கள் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள்.

சரி, கற்றுக்கொள்பவர்களுக்கு எங்கே இடிக்கிறது? எங்கள் தெருவில் அரசுப் பணியில் டிராப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். டிரேசிங் பேப்பரும் மை பேனாவுமாக 30 வருடம் வேலை பார்த்தவர். அவருக்குக் கேட் புரோகிராம் ஒன்றைத் திறந்து காட்டியதும் முதலில் கேட்டது, "தம்பி, இதுல ஸ்கேல் எங்க இருக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. கையால் வரைபவர் முதல் கோடு போடும் முன்பே ஸ்கேலை முடிவு செய்தாக வேண்டும். கேட்டில் அப்படியே தலைகீழ். 18 அடிச் சுவரை 18 அடியாகவே வரைகிறோம். பேப்பரில் எத்தனை மடங்கு சுருக்குவது என்பதைப் பிரின்ட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இது மனதில் பதிய அவருக்கு இரண்டு நாள் ஆனது. பதிந்த பிறகு என்னைவிட வேகமாக வரைகிறார்.

இன்னொருவர் தச்சு வேலை செய்பவர். ஜன்னல் நிலையைத் திரையில் வரைந்துவிட்டு, மானிட்டர் மேல் டேப்பை வைத்து அளந்தார்! சிரிக்க வேண்டாம். ஜூம் செய்தால் படம் பெரிதாகிறது, பொருளின் அளவு மாறுவதில்லை என்பதை யாராவது ஒருமுறை சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இனி டேப் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பழைய தெருக்களில் மனைகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். என் உறவினர் ஒருவரின் காலி மனை பத்திரப்படி முன்புறம் 18 அடி, பின்புறம் 18 அடி, இரண்டு பக்கமும் 120 அடி. பரப்பு 2,160 சதுர அடி, அதாவது ஐந்து சென்ட்டுக்குச் சற்றே குறைவு. பிளான் போட்டவர் பத்திரத்தைப் பார்த்தார், 18க்கு 120 என்று ஒரு செவ்வகம் போட்டார், உள்ளே அறைகளை அடுக்கினார். அழகான கலர் பிரின்ட். வானம் தோண்ட கொத்தனார் மூலைமட்டம் வைத்துக் கயிறு பிடித்த அன்று, கயிறு பக்கத்து வீட்டுச் சுவரில் போய் முட்டியது.

நான்கு பக்கமும் பத்திரத்தில் உள்ளபடிதான் இருந்தன. மனைதான் செவ்வகமாக இல்லை. நான்கு பக்க அளவு மட்டும் தெரிந்தால் ஒரு வடிவம் நிலையாகாது. தீப்பெட்டியின் மேலுறையை விரலால் அழுத்திப் பாருங்கள். பக்கங்கள் மாறாமலே சாய்ந்து போகும். ஒரு மூலைவிட்டம் அளந்தால்தான் வடிவம் பூட்டப்படும்.

இந்த மனை சரியான செவ்வகமாக இருந்தால் மூலைவிட்டம் 121 அடி 4 அங்குலம் வர வேண்டும். அளந்தபோது வந்தது 122 அடி. எட்டு அங்குலம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் பின்பக்க மூலை சுமார் 4 அடி 5 அங்குலம் இடப்புறம் தள்ளி நிற்கிறது! பரப்பளவோ ஒன்றரை சதுர அடிதான் குறைகிறது. அதனால்தான் சதுர அடியை மட்டும் சரிபார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாடிப்படி, பில்லர்கள் எல்லாவற்றையும் இடம் மாற்றிப் புது பிளான் போட வேண்டியதாயிற்று. வானம் தோண்டும் முன் தெரிந்தது நல்லகாலம்.

இப்போது இது இன்னும் முக்கியம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, சுயசான்று அடிப்படையில் ஆன்லைனில் உடனடி அனுமதி தரும் முறையைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. அலைச்சல் குறையும், நல்ல விஷயம். ஆனால் விவரங்கள் சரி என்று சான்று சொல்பவர் யார்? விண்ணப்பிக்கும் நீங்கள்தான்.

இனி வரையலாம். ஆட்டோகேட் 2016 முதல் சந்தா முறையில்தான் விற்கப்படுகிறது. மாணவர்களுக்கு இலவச உரிமம் உண்டு என்றாலும் அதை வைத்துக் காசு வாங்கி பிளான் போடக் கூடாது. வீட்டு உபயோகத்துக்கு லிப்ரேகேட் போதும். முற்றிலும் இலவசம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும், பழைய கம்ப்யூட்டரிலும் திணறாது. முப்பரிமாணம் வேண்டுவோர் பின்னால் ஃப்ரீகேட் பக்கம் போகலாம். முதல் நாளே அதில் இறங்கினால் வெறுத்துவிடும்.

லிப்ரேகேட்டைத் திறந்ததும் ஆப்ஷன்ஸ் மெனுவில் கரன்ட் டிராயிங் பிரிஃபரன்ஸஸ் சென்று, யூனிட்ஸ் பகுதியில் இஞ்ச் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அடியை 12ஆல் பெருக்கிக்கொண்டால் போதும், குழப்பம் இல்லை. முதலில் 0,0 என்ற புள்ளியிலிருந்து 216,0 வரை ஒரு கோடு. இதுதான் 18 அடி முன்புறம். அடுத்து சர்க்கிள் பிரிவில் சென்டர், ரேடியஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, ரேடியஸ் 1440 என டைப் செய்து கோட்டின் இடது முனையில் கிளிக் செய்யவும். பிறகு 1464 ரேடியஸில் வலது முனையில் இன்னொரு வட்டம். முதலாவது இடது பக்கச் சுவரின் 120 அடி, இரண்டாவது மூலைவிட்டத்தின் 122 அடி. ஆட்டோ ஜூம் அழுத்திப் பாருங்கள். இரண்டு வட்டங்களும் மேலே வெட்டும் இடம்தான் பின்பக்க இடது மூலை. ஸ்னாப் இன்டர்செக்‌ஷன் ஆன் செய்தால் மவுஸ் சரியாக அங்கே ஒட்டிக்கொள்ளும்.

நான்காவது மூலைக்கும் இதே வழிதான். வலது முனையிலிருந்து 1440, கண்டுபிடித்த மூலையிலிருந்து 216. வேலை முடிந்ததும் வட்டங்களை அழித்துவிட்டு, இன்ஃபோ மெனுவில் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் கேட்டு அடுத்த மூலைவிட்டத்தைப் பார்க்கவும். நம் உதாரணத்தில் 1448 அங்குலம், அதாவது 120 அடி 8 அங்குலம் வரும். மனையில் அதையும் டேப் பிடித்து அளந்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் ஏதோ ஓர் அளவு தப்பு.

துணி டேப் வேண்டாம், ஸ்டீல் டேப் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஒடுக்கமான மனையில் மூலைவிட்டம் ஓர் அங்குலம் தவறினால் பின் மூலை ஆறேழு அங்குலம் நகர்ந்துவிடும். 40க்கு 60 மனையில் இந்த ஆபத்து குறைவு, இரண்டு அங்குலம்கூட நகராது.

வேறொருவர் வரைந்து கொடுத்த பிளான் என்றால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். அளவு எண்கள் புரோகிராம் தானாக அளந்து எழுதுபவை. ஆனால் அந்த எண்ணை அழித்துவிட்டுக் கையால் வேறு எண்ணை டைப் செய்யவும் வழி இருக்கிறது. அறை 10 அடி என்று எழுதியிருக்கும், கோடு ஒன்பதே முக்கால் அடி இருக்கும். அவசரத்தில் படத்தைத் திருத்தச் சோம்பல்பட்டுச் சிலர் செய்யும் வேலை இது. என்னைக் கேட்டால் பைரேட்டட் காப்பியை விட மோசமான பழக்கம். பிரின்ட்டில் இது தெரியவே தெரியாது. அதனால் பேப்பரோடு பைலையும் கேட்டு வாங்கி, சந்தேகப்படும் இடங்களை லிப்ரேகேட்டில் இதே இன்ஃபோ மெனு மூலமும், ஆட்டோகேட்டில் டிஸ்ட் கட்டளை மூலமும் அளந்து பார்க்கவும்.

பைரேட்டட் என்றதும் ஒன்று. டிராயிங் பைல்களுக்கு வைரஸ் வராது என்ற நம்பிக்கை தவறு. ஆட்டோகேட்டுக்குள் இயங்கும் ஆட்டோலிஸ்ப் மொழியில் எழுதப்பட்ட மெட்ரே என்ற புழு 2012ல் பெரு நாட்டில் பரவி, திறக்கப்பட்ட டிராயிங்குகளைச் சீனாவில் இருந்த ஈமெயில் முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. யாரோ கொடுத்த போல்டரில் டிராயிங்கோடு சம்பந்தமில்லாத பைல்கள் இருந்தால் திறக்காதீர்கள்.

கடைசியாகப் பிரின்ட். 120 அடி நீளத்தை 1:100 ஸ்கேலில் அச்சிட்டால் சுமார் 366 மி.மீ. வரும். ஏ4 பேப்பரின் நீளம் 297 மி.மீ. மட்டுமே. எனவே 1:100 வேண்டுமானால் ஏ3 எடுங்கள், வீட்டு பிரின்டரில் ஏ4தான் என்றால் 1:150 வைத்துக்கொள்ளுங்கள். பிரின்ட் பிரிவியூவில் ஸ்கேலை நீங்களே டைப் செய்யவும். பி.டி.எப். ஆக்கி பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்தால் ஃபிட் டு பேஜ் என்பதை விட்டுவிட்டு ஆக்சுவல் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் மறந்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: படத்தின் ஓரத்தில் 10 அடி நீளத்தில் ஒரு தனிக் கோடு வரைந்து வையுங்கள். 1:100ல் அது 30 மி.மீ.க்கு அரை மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்கேல் போதும். 28 வந்தால் அந்தப் பேப்பரைக் கொத்தனாரிடம் கொடுக்காதீர்கள்.

இன்ஜினீயரிடம் கொடுக்கும்போது பி.டி.எப்.புடன் டி.எக்ஸ்.எப். பைலையும் சேர்த்து, "அளவுகள் அங்குலத்தில்" என்று டிராயிங்கிலேயே ஒரு வரி எழுதிக் கொடுக்கவும். அவர் மில்லிமீட்டர் என்று நினைத்துத் திறந்தால் உங்கள் 120 அடி வீடு ஒன்றரை மீட்டர்கூட இருக்காது!